மூன்றாவது சிவப்பு

என் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே, ஸ்பீடோமீட்டருக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா இருக்கிறது. அது சாலையைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறது. கண்ணிமை ஒன்றரை வினாடிக்கு மேல் மூடியிருந்தால் கத்தும், சீட்டை உலுக்கும், அதோடு நிற்காமல் டிப்போ ஆபீசுக்கும் போட்டுக்கொடுக்கும். அங்கே கம்ப்யூட்டரில் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழும். டிப்போவில் இதற்கு மாமியார் என்று பெயர். கம்பெனி வைத்த பெயர் வேறு ஏதோ, யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்று மாதத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். வண்டி கழுவும் யார்டில் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் குறையாது, மானம்தான் குறையும். எனக்கு அப்போதே இரண்டு விழுந்திருந்தன.

முதலாவது விழுந்தபோது நான் தூங்கவே இல்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். சிக்னலைத் தாண்டும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறி, நெற்றியில் வியர்வையாகி, இரண்டு கண்ணிலும் இறங்கியது. கண்ணில் உப்புத்தண்ணீர் விழுந்தால் எந்தப் பிறவியும் கண்ணை மூடத்தான் செய்யும். மாமியாருக்கு அதெல்லாம் ஏறுமா? கத்தினாள். இரண்டாவது, அதற்கடுத்த மாதம். அன்றைக்கு இமை வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், அவள் கணக்கில் அது மூடியிருந்தது.

எனக்கு நாற்பத்தொரு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மாதவிலக்கு தேதி தவறி வர ஆரம்பித்தது, பிறகு வரலாமா வேண்டாமா என்று யோசித்தது, பிறகு சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "சிலருக்கு சீக்கிரமே நின்னுடும்மா, இது உங்க தப்பு இல்ல" என்றார். தப்பு என்று நான் சொல்லவே இல்லை. என் மகளுக்கு அதே வருடம்தான் ஆரம்பித்திருந்தது. குளியலறை அலமாரியில் என் நாப்கின் பாக்கெட் அப்படியே அவள் பக்கம் நகர்ந்தது. எனக்கு ராஜினாமா, அவளுக்குப் பதவியேற்பு. சிரித்துக்கொண்டேதான் நகர்த்தினேன், அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இன்னொரு பிள்ளை பெறும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை. ஆனாலும் என்னைக் கேட்காமல் கதவைச் சாத்தினால் கோபம் வருமா வராதா?

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். இந்த ஊரில் பாதி ஆபீசுகள் அவர் கையால்தான் குளிர்கின்றன. பெண்டாட்டியைக் குளிர வைக்க மட்டும் அவர் பெட்டியில் கருவி கிடையாது. ஒரு ராத்திரியில் நான் மூன்று நைட்டி மாற்றுவதைப் பார்த்துவிட்டு, காலையில் தொழில் மரியாதையோடு சொன்னார்.

"உனக்கு தெர்மோஸ்டாட் போயிருக்கு."

"மாத்த முடியாதா?"

"கம்பெனி அந்த மாடலையே நிறுத்திட்டான்."

தலையணையால் அடித்தேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் டாக்டரம்மாவிடம் ஸ்பேர் பார்ட்ஸ் இருந்தது. தொடையில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை, படுக்கும்போது ஒரு மாத்திரை. இந்த வயதில் நின்றுபோனால் இதை எடுத்துக்கொள்வது எலும்புக்கும் நல்லது, தூக்கமும் சீர்ப்படும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு நான்கு மாதமாக என் கைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தது.

ஏன் வாங்கவில்லை என்றால், டிப்போவில் மருந்துப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. டிரைவர் எவரும் புதிதாக ஒரு மருந்து எடுத்தால், அதன் பெயரையும் எதற்காக என்பதையும் அதில் எழுதவேண்டும். எழுதாமல் எடுத்து மாட்டினால் வேலையே போகும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் இருக்கும் இடம், எங்களுக்கு டியூட்டி போடும் கண்ட்ரோலரின் கவுண்டர். நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போடும் தாளுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். கையெழுத்துக்கு வரிசையில் நிற்கிறவன் வேறென்ன செய்வான்? படிப்பான். பேப்பர் கடைகூட எங்கள் டிப்போவுக்குத் தேவையில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சீனியர் டிரைவர் ஒருவர் நேர்மையாக மூலத்துக்கு மாத்திரை எடுப்பதாக எழுதினார். மறுநாள் அவர் ஒரு சின்ன மெத்தையைக் கொண்டுவந்து சீட்டில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சிம்மாசனம் என்று பெயர். அவர் சொந்தப் பெயரை இன்றைக்கு அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

அந்தப் புத்தகத்தில் நான் போய் எதை எழுதுவது? இருநூறு ஆண்கள், நான்கு பெண்கள் உள்ள டிப்போ. மூலத்துக்கே சிம்மாசனம் கொடுத்தவர்கள் எனக்கு என்ன கொடுப்பார்கள்?

இதற்கிடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பல்லவி. "டயர்டா இருக்கீங்களே." காய்கறிக்காரர் சொன்னார். மகளின் டீச்சர் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா, "உடம்புக்கு ஏதாவது..." என்று இழுத்தார். சிம்மாசனம் வரிசையில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்னம்மா, ஏசிக்காரர் தூங்கவே விடறதில்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் கடைசி வரை சிரித்தேன். அப்படிச் சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது சிவப்பு விழுந்த அன்று கண்ட்ரோலர் கூப்பிட்டார். நல்ல மனிதர். பெண்களோடு பேசும்போது சுவரைப் பார்த்துத்தான் பேசுவார், அதுதான் ஒரே குறை.

"பாருங்கம்மா," என்றார் சுவரிடம். "பதினோரு வருஷமா முதல் வண்டி உங்களோடது. ஒரு கீறல் கிடையாது. ஆனா இன்னொண்ணு விழுந்தா என் கையில எதுவும் இல்ல. கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா வாங்க."

முதல் வண்டி என்றால் காலை ஐந்து பத்துக்கு டிப்போவில் கிளம்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, டிப்போ வாசலிலேயே வந்து முடியும் வண்டி. எனக்கு அது வெறும் டியூட்டி இல்லை. ஊர் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும் அந்த நேரத்தில். ஹாரன் கிடையாது, சண்டை கிடையாது, சில்லறைக்கு வாய்த்தகராறு கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுக்க எல்லாரையும் பொறுத்துக்கொள்கிறேன். அதை விட்டுக்கொடுப்பதற்கு நான் தயாராக இல்லை. ஃப்ரெஷ்ஷாக வா என்கிறார்களா, வந்துவிட்டால் போயிற்று.

நேரே தங்கச்சியிடம் போனேன். அவள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, அதைச் சுற்றிப் பொய் சொல்லாத பல்புகள். என்னைப் பார்த்ததும் "அய்யோ" என்றாள். பார்லர்காரி சொல்லும் அய்யோ சாதாரண அய்யோ இல்லை, அதற்குப் பின்னால் ஒரு பேக்கேஜ் வரும்.

"முதல்ல ரெண்டு ஸ்பூனை ஃப்ரீசர்ல போட்டு வை. காலையில எழுந்ததும் கண்ணு மேல வச்சு அழுத்து. வீக்கம் வடியும். தலைக்கு ரெண்டு தலையணை. ராத்திரி உப்பு கம்மி. சாயங்காலத்துக்கு அப்புறம் காபி கிடையாது."

"காபி கிடையாதா? அப்ப எதுக்கு உயிரோட இருக்கணும்?"

"கேளு. கண்ணுக்குக் கீழ நேரா வெள்ளையா அப்பாத, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். முதல்ல இந்த ஆரஞ்சு கலர், அது மேல உன் தோல் கலர். விரலால தட்டணும், தேய்க்கக் கூடாது. பவுடர் ரொம்ப கம்மி, சுருக்கத்துல போய் உட்கார்ந்துக்கும். கன்னத்துல கொஞ்சம் ரோஸ்."

"ரோஸ் எனக்குத் தானா வருது, நாளைக்குப் பத்து தடவை."

அவள் சிரிக்கவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, டாக்டர் கொடுத்த மருந்து எடுக்கிறியா?"

"அதெல்லாம் அப்புறம். இப்ப நான் தெளிவா தெரிஞ்சா போதும்."

"யாருக்குத் தெரிஞ்சா?"

"மாமியாருக்கு."

அவள் என் சொந்த மாமியாரை நினைத்துக்கொண்டு குழம்பினாள், அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. கேமராவைப் பற்றி விளக்கினேன். அப்போதுதான் அவள் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே பிறை வடிவத்தில் நகத்தளவு டேப்புகள், கண்ணாடி மாதிரி மெல்லியவை. இமை மடிப்பில் ஒட்டினால் தொங்கும் இமையைத் தூக்கிப் பிடிக்கும். போட்டோ எடுத்துக்கொள்ள வரும் பெண்களுக்குப் போடுவாளாம்.

"ஒரு கண்ணுக்கு ஒண்ணுதான். அதுவும் ரெண்டு மணி நேரத்துக்கு. ரெண்டு ஒட்டினா கண்ணு முழுசா மூடாது, காய்ஞ்சு போயிடும்."

நான் சமர்த்தாகத் தலையாட்டினேன். மறுநாள் காலை கண்ணுக்கு இரண்டாக ஒட்டினேன்.

ஒன்று ஒட்டினால் மாமியார் ஏமாறுவாளா என்பது சந்தேகம். இரண்டென்றால் நிச்சயம். கண்ணாடி முன்னால் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன், ஒரு கோடு வெளிச்சம் மிச்சமிருந்தது. மூடினாலும் திறந்திருக்கும் கண்! பெரிய விஞ்ஞானி மாதிரி எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்து வேண்டும், அதையும் புத்தகத்தில் எழுதவேண்டுமே என்று யோசித்து, "கண் தூசிக்கு" என்று எழுதினேன். யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

அப்புறம் வந்த பத்து நாட்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஃப்ரீசர் ஸ்பூன் ஒரு நாள் இமையிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, மகள் வந்து தண்ணீர் ஊற்றி எடுத்தாள். அதைத் தவிர எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆரஞ்சு கலர், அதன் மேல் தோல் கலர், தட்டணும், தேய்க்கக் கூடாது. காய்கறிக்காரர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், அதுவரை அக்கா என்றவர். மகளின் டீச்சர் என்ன கிரீம் என்று கேட்டாள். கண்ட்ரோலர் சுவரைப் பார்த்து, "நல்ல முன்னேற்றம்" என்றார். சிம்மாசனம் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா, ரெண்டாவது கல்யாணமா?" என்றார். "ஆமாண்ணே, மெத்தையைக் கடன் கொடுங்க" என்றேன். வரிசை அதிர்ந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு காலையில் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார்.

"பெயிண்ட் நல்லா இருக்கு. கம்ப்ரஸர் எப்படி இருக்கு?"

"உங்க வேலையைப் பாருங்க."

கம்ப்ரஸர் எப்படி இருந்தது என்றால், இரவுக்கு இரண்டு மணி நேரம், சில நாள் ஒன்றரை. மீதி நேரம் போர்வையைத் தள்ளுவது, இழுப்பது, ஈர நைட்டியைக் கழற்றுவது. ஆனால் முகம் பளபளவென்று இருந்ததால் நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். ஊர் முழுக்கத் தெளிவாக இருக்கிறாய் என்றால் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்? முட்டாளுக்கு மேக்கப் போட்டால் அழகான முட்டாள் கிடைப்பாள், அவ்வளவுதான்.

பதினோராவது நாள். ஐந்து பத்துக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வழக்கமான நர்ஸ் ஏறினாள். ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவள். முதல் சீட்டில் உட்கார்ந்து, ஷூ கயிற்றைத் தளர்த்திவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்தால் அடுத்த நிமிடம் வாயைத் திறந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் ஆபீஸ் கூட்டுகிறவர்கள், பேக்கரிக்காரர்கள், காவலாளிகள். பாலம் வருவதற்குள் வண்டி முழுக்கத் தூக்கம். முப்பத்திநான்கு பேர், கண்ணாடியில் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். கண்டக்டர் இல்லாத அந்த வண்டியில் முழித்திருக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

பாலத்தைத் தாண்டினால் நீண்ட நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் கிடங்குகள், ஒவ்வொன்றின் சுவரிலும் ஆள் உயரத்துக்கு நம்பர் எழுதியிருக்கும். இரண்டாம் நம்பர் கிடங்கைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது ஐந்தாம் நம்பர். நடுவில் எதுவும் இல்லை.

ஹாரன்தான் என்னை எழுப்பியது. எதிரே பால் டேங்கர். அது வழி தவறி வரவில்லை, நான்தான் கோட்டைத் தாண்டி அதன் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். என் கை ஸ்டியரிங்கை ஒடித்தது, கால் பிரேக்கை மிதித்தது, மேலே வைத்திருந்த பைகள் தடதடவென்று விழுந்தன. டேங்கர் என் ஜன்னலை உரசாத குறையாகப் போனது. ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். அந்த டிரைவரின் வாயைப் பார்த்தேன், அவர் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை.

மாமியாரைப் பார்த்தேன். பச்சை விளக்கு. சத்தமே இல்லை. அவளைப் பொறுத்தவரை நான் இரண்டாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர் வரை கண்ணைத் திறந்துகொண்டு பிரமாதமாக ஓட்டியிருக்கிறேன்.

"என்ன ஆச்சு டிரைவர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாய்," என்றேன். "குறுக்கே வந்துடுச்சு."

அவ்வளவுதான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிள்காரன் முந்துகிற வேகத்தில், ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அப்போதே ஓரம் கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். அதைக்கூட நான் செய்யவில்லை, நிறுத்தினால் நாய் என்று சொன்ன பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம்.

நர்ஸ் அவள் நிறுத்தத்தில் எழுந்து, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாய் பொழச்சுதா அக்கா?"

"பொழச்சுது."

"நல்ல மனசு உங்களுக்கு. வேற யாராவதா இருந்தா ஏத்திட்டுப் போயிருப்பாங்க." இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன், இப்பல்லாம் முகம் பளிச்சுனு இருக்கு. சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க."

யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

டிப்போ வாசலில் கடைசி ஆள் இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு நேரே கவுண்டருக்குப் போனேன். ஷிப்ட் மாறும் நேரம். கையெழுத்துக்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். சிம்மாசனம் கையில் டீயோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சார், என் பேருல ஒரு சிவப்பு போடுங்க."

கண்ட்ரோலர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஒண்ணும் விழலையேம்மா. பத்து நாளா எல்லாம் பச்சைதான்."

"விழாது. டேப் ஒட்டியிருக்கேன்."

விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, இடது கண்ணில் இரண்டு, வலது கண்ணில் இரண்டு, நான்கையும் உரித்துக் கவுண்டரில் வைத்தேன். இமை இரண்டும் பழையபடி தொங்கின. கோட்டைத் தாண்டியதையும் டேங்கரையும் சொன்னேன். நாய் என்று சொன்னதையும் சொன்னேன்.

கண்ட்ரோலர் முதல் தடவையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெஷின் சொல்லல. பேசஞ்சர் சொல்லல. யாருக்கும் அடிபடல. ஏன்மா வம்பை விலைக்கு வாங்குறீங்க? வீட்டுக்குப் போய் நல்லா தூங்கிட்டு நாளைக்கு வாங்க. நாய்னு சொல்லியாச்சு, நாயாவே இருக்கட்டும்."

அந்த நாயை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போக அது தயாராக இருந்தது. ஒரு வார்த்தை நான் பேசாமல் இருந்தால் போதும், முதல் வண்டி நாளைக்கும் என்னுடையது. ஆனால் கயிறு தளர்த்திய அந்த ஷூ என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் ஷூவைத் தளர்த்தியது என்னை நம்பி.

"நாய் இல்ல சார். நான்தான்."

அவர் பெருமூச்சு விட்டுப் படிவத்தை எடுத்தார். "காரணம்?"

"தூக்கமில்ல."

"அது தெரியுது. ஏன் தூக்கமில்ல? ஏதாவது எழுதணும்."

"மெனோபாஸ்."

அவர் உடனே சுவருக்குத் திரும்பிவிட்டார். வரிசையில் ஒருத்தன் தன் ஷூவை ஆராய்ந்தான், இன்னொருத்தன் மின்விசிறியை. அத்தனை பேருடைய அம்மாவும் இதைத் தாண்டி வந்தவர்கள்தான், அக்காவும் மனைவியும் தாண்டப் போகிறவர்கள்தான், முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ கொலையை ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது சூடா கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"புரியலன்னா விளக்கமா சொல்றேன். எனக்கு மாதவிலக்கு நின்னுபோச்சு. நாற்பத்தொரு வயசுல. ராத்திரி வேர்த்து ஊத்துது, தூக்கம் வரல. மருந்து இருக்கு, நாலு மாசமா பையில வச்சிருக்கேன். ஏன் எடுக்கலன்னா, இந்தப் புத்தகத்துல எழுதணும், நீங்கல்லாம் படிப்பீங்க. அதுக்குப் பயந்து முப்பத்திநாலு பேரைக் கொல்லப் பார்த்தேன்." மருந்துப் புத்தகத்தை இழுத்து, சீட்டைப் பிரித்து வைத்து, பட்டையின் பெயர், மாத்திரையின் பெயர், எதற்காக என்பது எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன். "பேர் வைக்கிறவங்க இப்பவே வைங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

ஓரத்து நாற்காலியிலிருந்து சிம்மாசனத்தின் குரல்தான் வந்தது.

"பேர் வைக்கிறதுல இந்த டிப்போவில உன்ன மிஞ்ச ஆள் கிடையாதும்மா. அதையும் நீயே வச்சுக்கோ."

இரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேர்மையாக ஒரு வரி எழுதிய மனிதரை நான் ஊர் சிரிக்க வைத்தேன், அதே வரியை எழுதப் பயந்து நான் டேப் ஒட்டினேன். "மன்னிச்சுடுங்கண்ணே" என்று சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. ஆரஞ்சு கலரும் தோல் கலரும் ஒன்றாகக் கலந்து கவுண்டரில் சொட்டின. அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உட்காரும்மா. டீ குடி. முகம் பயங்கரமா இருக்கு."

கண்ட்ரோலர் சிவப்பைப் பதிந்தார். கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். பதினோரு வருடத்தில் அந்தச் சாவி இவ்வளவு கனமாக இருந்ததே இல்லை.

"ரெண்டு மாசம் யார்டு," என்றார். "அப்புறம் டாக்டர் லெட்டரோட வாங்க, ஓட்டிக் காட்டுங்க. ஸ்டியரிங் கிடைக்கும்னு நினைக்கிறேன். முதல் வண்டி கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது." மருந்துப் புத்தகத்தை மூடினார். "புத்தகத்தை நாளையிலேர்ந்து டிராயருக்குள்ள வைக்கிறேன்." இதையும் சுவரிடம்தான் சொன்னார்.

அன்றைக்கே மருந்து வாங்கினேன். ராத்திரி என் வீட்டுக்காரர்தான் பட்டையை உரித்துக் கொடுத்தார், "எத்தனை டன்?" என்று கேட்டுக்கொண்டே. மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை, அன்றும் மூன்று தடவை எழுந்தேன். சில வாரம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நான்கு மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. போவதற்கு இடம் இல்லை. யார்டு எட்டு மணிக்குத்தான். காபி போட்டுக் குடித்தேன், பாத்திரம் கழுவினேன், கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன். எங்கள் தெரு முனை முதல் வண்டிக்கு ஒன்பதாவது நிறுத்தம், ஆஸ்பத்திரிக்கு அடுத்தது, பாலத்துக்கு முந்தியது. ஐந்தரைக்கு முகம்கூடக் கழுவாமல், நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கே போய் நின்றேன். எதற்கு என்று என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. என் வண்டியை வேறொருத்தர் ஓட்டுவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை. அதைவிடப் பயமாக இருந்தது.

வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்டியரிங்கில் சிம்மாசனம், மெத்தையோடு. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் ஒரு படி ஏறி, உள்விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். முகத்தில் என்ன தெரியும்? எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே, முகத்தில் ஒன்றும் தெரியாது.

"தூங்குனீங்களா அண்ணே?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாய்தாவுக்கு வந்தவர் மாதிரி ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"ஒன்பது மணிக்குப் படுத்தேன்மா. நாலு மணி வரைக்கும் அசையல. நான் விட்ட குறட்டையில உங்க அண்ணி தலையணைய எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டா."

"அப்ப சரி," என்றேன். இறங்கினேன். "எடுங்க."

கதவு மூடியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. முதல் சீட்டில் நர்ஸ் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள். ஒருத்தர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.